தள்ளு என்றால் எந்தப் பக்கம்?

எங்கள் வண்டியில் இருக்கும் டர்போவுக்கு அம்மா வைத்த பெயர் நத்தை. பார்க்கவும் அப்படித்தான் இருக்கும், இரும்பில் வார்த்த சுருண்ட ஓடு மாதிரி. இஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு பக்கச் சுருளில் புகுந்து சக்கரத்தைச் சுழற்றும். மறுபக்கச் சுருள் வெளிக்காற்றை உறிஞ்சி இஞ்சினுக்குள் அழுத்தித் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடும். அதுவரை சாதுவாகப் போய்க்கொண்டிருந்த குடும்ப வண்டிக்கு அப்புறம் வேறு குணம் வந்துவிடும்.

அந்த நத்தை ஏதோ ஒரு டீசல் காரிலிருந்து கழன்று பழைய இரும்புக் கடைக்கு வந்திருந்தது. அதை எங்கள் பழைய பெட்ரோல் காரில் பொருத்தியது அக்காவும் நானும். அக்கா அரியூர் மருத்துவக் கல்லூரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். வண்டி அவளுடையது. நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை செய்கிறேன். லேப்டாப் என்னுடையது. அதனால் அவள் ஓட்டுவாள், நான் தட்டுவேன். எங்களுக்குள் இதில் ஒருநாளும் தகராறு வந்ததில்லை.

தகராறு வந்தது அம்மாவோடுதான். போன வருடம் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. பட்டுப்புடவை, சீர்த்தட்டு, வளையல் பெட்டி என்று அம்மா முழு அலங்காரத்தோடு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். திருக்கனூர் தாண்டியதும் அக்கா ஒரு லாரியை முந்த மிதித்தாள். டக் என்று ஒரு சத்தம். பிறகு வண்டி இருமத் தொடங்கி, வெள்ளைப் புகையும் விட்டு, ஒரு கரும்பு வயலோரமாக நின்றுவிட்டது. மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டன் உடைந்திருந்தது. அந்த வழியாக நடவுக் கரும்பு ஏற்றிக்கொண்டு வந்த குட்டியானை மினி லாரி ஒன்றுதான் அம்மாவை வளைகாப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கரும்புக் கட்டின் மேல், மடியில் சீர்த்தட்டோடு. அந்தப் போட்டோ இன்னும் எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் சுற்றுகிறது.

இஞ்சினைச் சரிசெய்து கொண்டுவந்த அன்று அம்மா வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி இது வழில நின்னுதுன்னா அந்த நத்தயக் கழட்டிக் கொல்லைல கெடாசிடணும். வாங்கனப்ப எப்டி இருந்துதோ அப்டி வச்சிக்கணும். கைல அடிச்சிச் சத்தியம் பண்ணு."

அக்கா சத்தியம் செய்தாள். பண்ணிவிட்டு உள்ளே வந்து என் காதோடு, "பந்தயத்துக்குப் பேரு குடுத்துட்டேன்டி" என்றாள். சென்னைப் பக்கத்துப் பந்தயத் தடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண்கள் பிரிவு. சொந்த வண்டியை எடுத்துப் போய் யார் சுற்று வேகமாக முடிக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். அங்கே போய் ஓட்டிவிட்டு, அதே வண்டியில் எங்கும் நிற்காமல் வீடு வந்து சேர வேண்டும். இல்லையென்றால் நத்தை கொல்லைக்குப் போகும், அக்காவின் ஆசையும் அதோடு சேர்ந்து போகும்.

பிஸ்டன் உடைந்ததற்கு டைமிங்தான் காரணம். இஞ்சினுக்குள் பிஸ்டன் காற்றையும் பெட்ரோலையும் அழுத்திக்கொண்டு மேலே ஏறி வரும்போது, அது உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே பிளக்கில் பொறி விழ வேண்டும். எவ்வளவு முன்பு என்பதை டிகிரியில் சொல்வார்கள். பதினான்கு டிகிரி என்றால் உச்சிக்குப் பதினான்கு டிகிரி முன்னால் பொறி. லேட்டாக விழுந்தால் வண்டி சோம்பும். ரொம்பச் சீக்கிரம் விழுந்தால், ஏறி வரும் பிஸ்டனின் தலையில் நெருப்பு எதிரே வந்து சம்மட்டி அடிக்கும். அதைத்தான் நாக் என்கிறோம். கண்ணாடிப் புட்டியில் கூழாங்கல் போட்டுக் குலுக்கினால் வரும் சத்தம். டர்போ திணிக்கும் காற்று கூடக்கூட, சீக்கிரத்துக்கும் ரொம்பச் சீக்கிரத்துக்கும் நடுவே இருக்கும் இடம் மெலிந்துகொண்டே போகும். அந்த மெல்லிய இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

அதற்கு லாக் வேண்டும், அதாவது ஓட்டத்தின் பதிவு. இஞ்சினின் கணினிப் பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு ஒயர். வண்டி ஓடும்போது சுற்றும் வேகம், டர்போ அழுத்தம், உள்ளே போகும் காற்றின் சூடு, பொறியின் டிகிரி எல்லாம் கலர் கலர் கோடுகளாக ஓடிக்கொண்டே பதிவாகும். நாக் சத்தத்தைக் கேட்க இஞ்சினிலேயே ஒரு சென்சார் உண்டு. ஆனால் எங்கள் சென்சாருக்கு வால்வு தட்டினாலும் நாக்தான், வேறெது தட்டினாலும் நாக்தான். எது சாதாரணச் சத்தம், எது நாக் என்று அதற்கு இன்னும் பிரித்துச் சொல்லித் தரவில்லை. அதனால் ஒரு மனுசக் காது தேவைப்பட்டது.

அக்கா வேலை செய்யும் இடத்தில் யாரோ தூக்கிப்போட்ட ஸ்டெதஸ்கோப் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதன் ரப்பர் குழாயை நீட்டி, மறுமுனையில் ஒரு செம்புக் குழாயை நசுக்கி, இஞ்சின் உடம்பில் போல்ட் போட்டு முறுக்கினோம். இஞ்சினுக்குள் நடப்பது பின்சீட்டில் காதுக்குள் வந்து கேட்கும். காதாக வந்தவன் எங்கள் மாமா மகன். பாகூர் பக்கம் அவர்களுக்கு நெல்லும் கரும்பும். என் வயதுதான். பி.காம் முடித்துவிட்டு அப்பாவோடு விவசாயம் பார்க்கிறான். எதற்குக் கூப்பிட்டாலும் பைக்கை முறுக்கிக்கொண்டு வந்துவிடுவான். ஸ்டெதஸ்கோப்பை மாட்டியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "பேஷண்டு சாப்ட்டாரா?"

ஓட்டிப் பார்க்க இடம் வில்லியனூரைத் தாண்டி ஒரு மனைப்பிரிவு. வயலாக இருந்த இடம். இப்போது பெரிய நுழைவு வளைவு, மஞ்சள் கல், நூல் பிடித்த மாதிரி நேரான தார் ரோடு எல்லாம் இருக்கிறது. வீடு மட்டும் ஒன்றுகூட இல்லை. வாட்ச்மேன் தாத்தாவிடம் கேட்டுக்கொண்டு, ஆடுகளை அந்தப் பக்கம் ஓட்டிவிட்டு, விடிந்ததும் ஆரம்பிப்போம். நாங்கள் மனை பார்க்க வந்திருக்கிறோம் என்று முதல் வாரம் நினைத்தார். பிறகு ஒரு நாள் ஜன்னலில் குனிந்து அக்காவிடம், "மூணு வாரமா வரீங்களே பாப்பா, இன்னுமா வண்டி ஓட்டக் கத்துக்கல?" என்று கேட்டார். அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அன்று காலை நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு இதுதான். அக்கா மூன்றாவது கியரில் அடிமட்ட வேகத்திலிருந்து முழுசாக மிதிப்பாள். நான் அழுத்தத்தையும் பெட்ரோல் கலவையையும் மட்டும் பார்ப்பேன். பின்சீட்டுக் காது என்ன சொல்கிறதோ அதைக் கேட்டு டிகிரியை மாற்றுவேன். வெயில் ஏறிவிட்டால் காற்று சூடாகிக் கணக்கு மாறிவிடும். அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் லாகை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் அடுத்தடுத்துப் போய்விடலாம் என்று சொன்னது நான்தான். எனக்குப் பொறுமை என்பது சார்ஜ் நிற்காத பேட்டரி மாதிரி.

முதல் ஓட்டம் பன்னிரண்டு டிகிரியில். வண்டி கொஞ்சம் மந்தமாகத்தான் ஏறியது. முடிந்ததும் பின்னால் திரும்பினேன்.

"இன்னாடா?"

அவன் கண்ணை மூடி, டாக்டர் மாதிரி தலையை ஆட்டி, "ரெண்டு தள்ளு" என்றான்.

பதினான்கு ஆக்கினேன். அக்கா மிதித்தாள். வண்டி சும்மா பிய்த்துக்கொண்டு போனது. முதுகு சீட்டில் ஒட்டியது. "ஏய், சூப்பர்டி!" என்று அக்கா ஸ்டீயரிங்கில் தட்டினாள்.

"இன்னாடா?"

"இன்னும் ரெண்டு தள்ளு."

ஆகா, இன்னும் இடம் இருக்கிறது என்று எனக்கு ஒரே குஷி. பதினாறு. இந்த முறை மிதி முடிவதற்கு முன்பே அவன் முன்சீட்டின் தலையைப் பிடித்து உலுக்கினான். "தள்ளு! நல்லாத் தள்ளுடி! இன்னாத்துக்கு இப்டிக் கஞ்சத்தனம் பண்ற?"

கஞ்சத்தனம் என்றதும் ரோஷம் வந்துவிட்டது. பதினெட்டு. அக்கா மிதித்தாள். பின்சீட்டிலிருந்து "தள்ளு! தள்ளு! தள்ளூ!" என்று தேர் இழுக்கிற மாதிரி ஒரே கத்தல். எனக்கும் உற்சாகம் தாங்கவில்லை. "தள்ளியாச்சுடா!" என்று நானும் கத்தினேன். அந்தக் கத்தல்களுக்கு நடுவே, ஸ்டெதஸ்கோப்பே இல்லாத எனக்கும் அது கேட்டது. புட்டிக்குள் கூழாங்கல்.

அக்கா சட்டென்று காலை எடுத்தாள். வண்டி உருண்டு போய் ஒரு மஞ்சள் கல்லுக்குப் பக்கத்தில் நின்றது. இஞ்சினை அணைத்தாள். தூரத்தில் ஆடு மட்டும் கத்தியது.

அக்கா என் மடியிலிருந்த லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். நான்கு ஓட்டமும் பக்கத்தில் பக்கத்தில். பச்சைக் கோடு பொறியின் டிகிரி. அது படிக்கட்டு மாதிரி மேலே மேலே ஏறியிருந்தது.

"இன்னாடி இது, ஏறிகினே போவுது?"

"அவன்தானக்கா தள்ளச் சொன்னான்."

"நான் எங்கடி ஏத்தச் சொன்னேன்? தள்ளுன்னு சொன்னேன்! தள்ளுன்னா தள்ளிப் போடறது. லேட்டாக்கறது!"

"தள்ளுன்னா முன்னாடி தள்றதுடா எரும! ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆவலன்னா தள்ளுன்னு சொல்றோமே, அப்ப இன்னா பின்னாடியா இழுப்ப?"

"எங்க வூட்டுக் கரும்பு வெட்டு வருசா வருசம் தள்ளிப் போவுது. அது இன்னா முன்னாடியா வருது? நீ படிச்சவ தான?"

"நீயும் படிச்சவன்தான!"

அக்கா இரண்டு கையையும் தூக்கினாள். "எங்க ஆஸ்பத்திரில தள்ளுன்னா ஓரமா நில்லுன்னு அர்த்தம். ரெண்டு பேரும் எறங்கித் தள்ளி நில்லுங்க. பிளக்கக் கழட்டணும்."

அவள் குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது. இந்த வண்டியில் இரண்டு பிஸ்டன் உடைத்தவர்கள் என்ற பெயர் எங்களுக்கு வந்துவிடும். பந்தயத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

சூடு ஆறும்வரை காத்திருந்து நான்கு பிளக்கையும் கழற்றி, பழைய துணி விரித்து வரிசையாக வைத்தாள். பிஸ்டன் அடி வாங்கிக் கரைந்திருந்தால் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் அலுமினியத் துணுக்குகள் மிளகுத்தூள் மாதிரி மினுங்கும். அக்கா பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். நாள் முழுக்க ரத்தச் சொட்டில் குற்றம் தேடும் கண் அவளுடையது. ஒவ்வொரு பிளக்கையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பேரும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சுத்தமா கீது" என்றாள். "ஆனா நம்ப மாட்டேன். கம்ப்ரஷன் பாரு."

பிளக் போகும் துளையில் ஒரு அழுத்தமானியைத் திருகி, இஞ்சினைச் சும்மா சுற்றவிட்டால் சிலிண்டர் எவ்வளவு அழுத்துகிறது என்று முள் காட்டும். பிஸ்டனோ வளையமோ உடைந்திருந்தால் முள் சோர்ந்து விழும். முதல் சிலிண்டர் நன்றாக இருந்தது. இரண்டாவதும் நன்றாக இருந்தது. அக்கா மூன்றை விட்டுவிட்டு நான்கைப் பார்த்தாள். அதுவும் நன்றாக இருந்தது. பிறகு மூன்றில் திருகினாள். மாமா மகன் சாவியைத் திருப்பினான். முள் துள்ளித் துள்ளி ஏறியது, ஏறி மற்ற மூன்றும் நின்ற அதே இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"பேஷண்டு பொழச்சிகினாரு" என்றான் அவன். அக்கா பூதக்கண்ணாடியாலேயே அவன் மண்டையில் ஒரு தட்டு தட்டினாள்.

அன்று மத்தியானம் வீட்டில் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அக்காவும் நானும் லாகைப் படித்தோம். எங்கள் கூத்தில் ஒரு நன்மை நடந்திருந்தது. பயந்து பயந்து போயிருந்தால் நாங்கள் பன்னிரண்டைத் தாண்டியிருக்கவே மாட்டோம். இப்போது பன்னிரண்டிலிருந்து பதினெட்டுவரை முழுப் படிக்கட்டும் கையில் இருந்தது. கீழிருந்து மேல் சுற்றுக்கு இஞ்சின் ஏற எவ்வளவு நேரம் பிடித்தது என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அளந்தேன். பன்னிரண்டைவிடப் பதினான்கு நல்ல வேகம். பதினாறு, பதினான்கைவிட ஒரு துளிகூட வேகமில்லை. பதினெட்டு அதைவிட மோசம். நெருப்பின் பாதிப் பலம் பிஸ்டனை எதிர்த்து அடிப்பதிலேயே போயிருந்தது. சென்சார் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதினாறில்தான் ஈட்டி ஈட்டியாக நிற்க ஆரம்பித்திருந்தது. சாதாரணச் சத்தம் எவ்வளவு உயரம், நாக் எவ்வளவு உயரம் என்று அதற்குச் சொல்லித் தர இப்போது எங்களிடம் ஆதாரம் இருந்தது.

"அப்ப மொத ரெண்டு ஓட்டத்துல அவனுக்கு இன்னா கேட்டுது?" என்றேன். பன்னிரண்டிலும் பதினான்கிலும் லாக் சுத்தமாக இருந்தது.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "ரோட்டுல ஜல்லி கெடந்துது. அடில பட்டு டிக்கு டிக்குன்னுச்சு. அதக் கேட்டுட்டு தள்ளுன்னு சொல்லியிருப்பான்."

ஆக, இல்லாத நாக் சத்தத்துக்கு அவன் மருந்து சொல்ல, நான் அதை நேர்மாறாக ஊட்ட, எங்களுக்குத் தற்செயலாகச் சரியான டிகிரி கிடைத்தது. அதற்கு மேலும் நாங்கள் ஊட்டியதுதான் வினை.

அக்கா புதுச் சட்டம் போட்டாள். எங்கள் வண்டிக்குள் தள்ளு கெட்ட வார்த்தை. அதைவிட முக்கியம், காது என்ன கேட்டதோ அதை மட்டும்தான் சொல்ல வேண்டும், என்ன செய்வது என்று சொல்லக் கூடாது. "லேப்ல நான் ரிசல்ட்டுதான் குடுப்பேன். மாத்திர எழுத மாட்டேன்" என்றாள். அதற்கு மாமா மகன் கண்டுபிடித்த பாஷை வானிலை. ஒன்றும் கேட்காவிட்டால் வெயில். லேசாகக் கேட்டால் தூறல். நன்றாகக் கேட்டால் ஆலங்கட்டி. அடுத்த காலைகளில் ரோட்டைப் பெருக்கிவிட்டு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே இஞ்சினை ஆறவைத்து, லாகை விரித்துப் பார்த்து, மெதுவாகப் போனோம். பின்சீட்டிலிருந்து "வெயிலு... வெயிலு... மேகமூட்டம்" என்று அறிக்கை வரும். மேகமூட்டம் சட்டத்திலேயே இல்லையே என்று நான் சண்டை போடுவேன். பெருக்கும்போது வாட்ச்மேன் தாத்தா தன் விளக்குமாற்றையும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்துகொண்டார். மனை வாங்க வருகிறவர்களுக்கு நல்லதாம்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயத் தடத்தில் வேறு வெயில். எங்கள் ஊரின் விடியற்காலைக் காற்றுக்கு எழுதிய கணக்கை அந்த மத்தியான அனல் மதிக்கவே இல்லை. வரிசையில் நின்று நின்றே இஞ்சினுக்குள் போகும் காற்று அடுப்பு மாதிரி ஆகிவிட்டது. முதல் சுற்றுகள் முடிந்து அக்கா உள்ளே வந்ததும் லாகைப் பார்த்தேன். நீண்ட நேர் பாதையின் கடைசியில் சென்சார் கோட்டில் சின்னச் சின்ன ஈட்டிகள் எழுந்திருந்தன.

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள்ளாகவே ஆரம்பித்துவிட்டாள். "முன்னாடி போறாளே அந்தச் செவப்பு வண்டி, அவள எட்டிப் புடிச்சிடுவேன்டி. ஒரு டிகிரி குடு. ஒண்ணே ஒண்ணு."

"மாட்டேன். ஒண்ணு எடுக்கப் போறேன்."

"அடிப்பாவி, எடுத்தா நான் கடைசி!"

"கடைசின்னா வூட்டுக்குப் போவலாம். வெடிச்சா குட்டியானைலதான் போவணும். நீதான சத்தியம் பண்ண?"

அக்கா என்னை முறைத்தாள். நானும் முறைத்தேன். அப்போதுதான் மாமா மகன் வண்டியின் பின்கதவைத் திறந்து ஒரு மீன் பெட்டியை இழுத்து வெளியே வைத்தான். முந்தின சாயங்காலம் பனித்திட்டுக்குப் போய் மீனவ நண்பனிடம் நொறுக்கிய ஐஸ் நிரப்பி வாங்கி வந்திருந்தான். குடிக்கிற தண்ணீருக்கு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவன் ஐஸைக் கோணிப்பையில் அள்ளி, பம்பருக்குப் பின்னால் இருக்கும் இன்டர்கூலர் மேல் அணைத்துப் பிடித்தான். நத்தை அழுத்திச் சூடாக்கிய காற்றை ஆற்றி உள்ளே அனுப்பும் சின்ன ரேடியேட்டர் அது. வண்டிக்கு முன்னால் குத்தவைத்து, காய்ச்சல் குழந்தைக்கு ஒத்தடம் கொடுக்கிற மாதிரி வரிசை நகர நகர அவனும் நகர்ந்தான். லேப்டாப்பில் காற்றின் சூடு இறங்கிக்கொண்டே வந்தது.

"எறங்கிடுச்சு பாரு. இப்பக் குடு" என்றாள் அக்கா.

நான் கூட்டவில்லை. நேர் பாதையின் கடைசிக்கு மட்டும் ஒரு டிகிரி குறைத்தேன். மற்ற இடங்களில் இருந்ததை இருந்தபடியே விட்டேன். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினாள். அந்தச் சுற்றுகளில் செவப்பு வண்டியைப் பிடிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் தன் முந்தைய நேரத்தைத் தானே தோற்கடித்துக்கொண்டு வந்தாள். நான்காவது இடம். லாகில் ஒரு ஈட்டி கிடையாது, துடைத்து வைத்த மாதிரி கோடு. செவப்பு வண்டிக்காரப் பெண் கைகொடுக்க வந்தாள். பேசிக்கொண்டே இருந்தவள் மூக்கைச் சுருக்கி, "இங்க மீன் வாசன வருதா?" என்று கேட்டாள். மூன்று பேரும் ஒரே குரலில் இல்லை என்றோம்.

திரும்பும்போது அம்மா போன் செய்துகொண்டே இருந்தாள். திண்டிவனத்தில் ஒன்று, அதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒவ்வொரு முறையும் நான் எடுத்ததும் அதே கேள்வி.

"எங்க நின்னுது?"

"நிக்கலம்மா. போயிகினே கீது."

"பொய் சொல்லாத. பின்னாடி லாரி சத்தம் கேக்குது. ஏத்திகினு வரீங்களா?"

"நாங்கதாம்மா லாரியத் தாண்டறோம்."

அக்கா ஸ்பீக்கரை அழுத்தி, ஒரு கண் ரோட்டில் வைத்தபடி, "அம்மா, நாலாவது வந்தேன்" என்றாள்.

"நாலாவதா? எத்தினி பேருல?"

"நெறைய பேருலம்மா."

"சரி" என்றாள் அம்மா. பிறகு, தினமும் வேலைக்குப் போய் வருகிறவளிடம் சொல்கிற அதே குரலில், "வர வழில வில்லியனூர்ல எறங்கி அரைக் கிலோ கத்திரிக்கா வாங்கிகினு வா. நல்லாப் பாத்து வாங்கு. போன வாட்டி பூச்சியா வாங்கிகினு வந்த" என்று வைத்துவிட்டாள்.

அக்கா போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கியரை மாற்றி இன்னொரு லாரியைத் தாண்டினாள்.